வீடும் அயலும்

வீடு கட்டுவதையும் மணஞ் செய்து வைப்பதையும் இல்வாழ்க்கையின் இரு பெருஞ் சோதனைகளாகக் கருதியவர் தமிழர். “வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார்” என்னும் பழமொழியை அறியாதார் இலர். ஆயினும் அப்பழமொழி கூறாது விட்டதொன்று உண்டு. வீட்டை எவ்விடத்திலே கட்டுவது என்பதே அது. மனத்திலே நெடுநாள் வரைந்து வைத்த விசாலமான வீட்டினை, அறிந்தவர் எவருமில்லாத சூழலிலே காணி வாங்கிக் கட்டுவதா? அன்றி, வசதி குறைந்ததாயினும் நண்பரும் உறவினரும் கூப்பிடு தொலைவில் வாழுமிடத்திலே குடியிருப்பதா? கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் முன் இன்று இவ்வினா நிற்கின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் வரலாற்றை நோக்குமிடத்து, இவ்வினா அண்மைக் காலத்திலே தோன்றியதென்பதும், அதற்கு முன்னர் வீடும் அயலும் பிரித்தறிய முடியாதவாறு பிணைந்திருந்தன என்பதும் புலனாகும். அத்தகைய கிராமங்களுள் அளவெட்டி ஒன்று.

அளவெட்டி, குடாநாட்டின் வலிகாமம் வடக்குப் பகுதியிலே, மல்லாகத்துக்கு மேற்கே அமைந்தவூர். கும்பிழாவளைப் பிள்ளையார் கோயிலும் நாகவரத நாராயணர் கோயிலும் அருணோதயக் கல்லூரியும் அவ்வூரின் பெயரை வெளியூரவர்க்கு நினைவூட்டுவன. செம்மண் தோட்டங்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த அவ்வூரில் ஆறு இல்லை; மலையருவி இல்லை. சுண்ணாம்புக்கல்லைப் பிளந்து தோண்டிய கிணறே உயிருக்கு ஆதாரம். யாழ்ப்பாணத்தவரின் அயலுறவை விளங்கிக்கொள்ள விரும்புவோர் வீட்டு வாசலில் அன்றிக் கிணற்றடியிலேயே தொடங்குதல் வேண்டும்.

கல்லை உடைத்துக் கிணறு தோண்டுதல் ஒரு குடும்பத்தின் பொருளுக்கும் வலுவுக்கும் எளிதில் அடங்காத செயல். ஆதலின் பல குடும்பங்கள் ஒரு கிணற்றுக்கு உரியனவாயின. காணி பிள்ளைகளிடையே பிரிந்தபோது கிணறும் பங்குகளாகப் பிரிந்தது. யாழ்ப்பாணத்து நொத்தாரிசுமார் எழுதிய பழைய உறுதிகளைப் படிப்போர், இத்தனை பரப்புக் காணி என்பதனோடு, கிணற்றிலே இன்ன பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்னும் தொடரையும் காண்பர். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். இரண்டு பரப்பு வாங்கியவனும், அக்காணியோடு அயலவருடன் தண்ணீர் பகிரும் கடப்பாட்டையும் சேர்த்தே வாங்கினான். எவர் எந்நாளில் இறைப்பது, வாய்க்கால் எவர் நிலத்தினூடாகச் செல்வது என்பன முறைவைத்து ஒழுகப்பட்டன.

துலாவினால் இறைத்த காலத்தில் இப்பிணைப்பு இன்னும் இறுக்கமாயிருந்தது. துலாவின் மேலே நடந்து மிதிப்பவர் ஒருவர். கீழே நின்று பட்டையைச் சரித்து நீரை ஊற்றுபவர் ஒருவர். தோட்டத்திலே நின்று பாத்திக்குத் தண்ணீர் கட்டுபவர் ஒருவர். மூவர் சேராமல் புகையிலையும் இல்லை, மிளகாயும் இல்லை, வெங்காயமும் இல்லை. ஒருவருக்கு இறைப்பு முடிந்ததும் அவர் மற்றவரின் இறைப்புக்குப் போதல் வேண்டும். அதிகாலையிலே நண்பனொருவன் துலா மிதிக்க வரும் தூரத்திலே இருத்தல், கமக்காரனுக்கு இன்பம் மட்டுமன்று. விளைச்சலுக்கே அது வேண்டப்பட்டது.

வீட்டைச் சூழ்ந்த வேலியும் அவ்வாறே. பூவரசு, கிளுவை முதலிய கதியால்களை நாட்டிப் பனையோலையாலோ கிடுகாலோ அடைத்த வேலி, வளவை மறைத்தது. ஆயினும் முற்றாக அடைக்கவில்லை. பெண்கள் தெருவுக்கு வராமலே அடுத்த வளவுக்குச் சென்றுவர வேலியிலே ஒரு பொட்டு இருந்தது. நெருப்புக்கொள்ளியும் கறிக்கு உப்பும் நோயாளிக்குக் கஞ்சியும் அப்பொட்டினூடாகவே போய்வந்தன. அயலவர் மனம் முறிந்தபோது முதலிலே அடைபட்டதும் அதுவே. கதியாலை ஒரு சாண் தள்ளி நாட்டினான் என்னும் வழக்குக்காக, அக்காணியின் விலைக்கு மேலாக நீதிமன்றத்திலே செலவழித்தவர்களும் யாழ்ப்பாணத்தில் உளர். எனவே பழைய அயலை அன்பு மட்டுமே நிறைந்த இடமாகக் கற்பனை செய்தல் பொருந்தாது. பிணக்குற்ற பின்பும் ஒரே கிணற்றில் இறைக்க வேண்டியிருந்தமையால், பேசாதிருந்தவர்களும் என்றோ ஒருநாள் பேசவேண்டியவர் ஆயினர் என்பதே அதன் சிறப்பு.

இவ்வயலுறவு வழக்கமாக மட்டும் நிற்காமல் சட்டமாகவும் வகுக்கப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியிலே, ஆளுநர் கோர்ணேலிஸ் ஜொவான் சைமன்ஸ் 1706ஆம் ஆண்டில் இட்ட கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நீண்டகாலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டுத் தமிழரின் வழமைகளைத் திரட்டி 1707ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே சமர்ப்பித்தார். அத்தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு விடப்பட்டது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு முழு வலு அளித்தனர்.

தேசவழமையிலே முற்கொள்வனவு உரிமை என ஒன்று உண்டு. காணியை விற்க விரும்புவோன் தன் விருப்பம்போல் அந்நியனுக்கு விற்றுவிட முடியாது. முதலிலே உரிமைக்காரருக்கும் பங்காளருக்கும், அக்காணியை ஈடாகப் பெற்றிருந்த அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும். அவர்கள் வாங்க விரும்பின் முதலுரிமை அவர்களுடையது. அறிவித்தற் காலமும் வரையறுக்கப்பட்டிருந்தது. அவ்வூரிலேயே வாழ்வோருக்கு ஒரு மாதம். அதே பிரிவின் வேற்றூரில் வாழ்வோருக்கு இரண்டு மாதம். வேறு பிரிவில் வாழ்வோருக்கு மூன்று மாதம். பிறநாடு சென்றோருக்கு ஓராண்டு. பின்னர் ஒல்லாந்தர், விற்பனையை மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலே தேவாலயத்தில் யாவரும் அறியக் கூறவேண்டுமென விதித்தனர்.

இவ்விதியின் உட்கருத்து சிந்தித்தற்குரியது. காணி ஒருவனுடைய சொத்து. ஆயினும் அக்காணியிலே யார் வந்து குடியிருப்பார் என்பது அயலவர் அனைவரையும் தொடும் காரியம். கடல் கடந்து சென்றவனுக்காகவும் ஓராண்டு காத்திருக்கச் சொன்ன சட்டம், ஊரைவிட்டுச் சென்றவனை ஊரிலிருந்து நீங்கியவனாகக் கருதவில்லை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளருக்கும், விற்பவன் மரணசாதனமின்றி இறப்பின் உரிமைக்காரராக வரக்கூடியவர்க்கும் மட்டுமென வரையறுத்தது. ஈடு பிடித்த அயற்காணிக்காரன் அந்நிரலிலிருந்து நீங்கினான். அயல் சட்டத்தின் கண்ணிலிருந்து மறையத் தொடங்கிய ஆண்டாக அதனைக் கொள்ளலாம்.

வீடு யாருக்குரியது என்பதிலும் தேசவழமை தனியொரு போக்குடையது. முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்து மூவகைப்படும். பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுக்கும் வழக்கம் நிலைத்தமையால், மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்தல் பெருவழக்காயிற்று. தாயின் வளவுக்குள்ளேயோ அதன் அருகிலேயோ மகளுக்கு வீடெழுந்தது. சகோதரிகள் வேலிக்கு வேலி வாழ்ந்தனர். வீட்டையும் அயலையும் ஒருங்கே பெற்றவள் பெண். பிள்ளைப் பருவத்துத் தோழரை விட்டுப் புதிய அயலைத் தேடிக்கொள்ள வேண்டியவன் ஆண். எனினும் மணவுறவுகள் பெரும்பாலும் அண்டை ஊர்களுக்குள்ளேயே நிகழ்ந்தமையால் அப்பிரிவு நடந்து தீர்க்கக்கூடிய தூரத்துப் பிரிவாகவே இருந்தது.

அருகிருந்து வாழ்தலால் ஓர் ஊர் எய்தக்கூடிய பயனுக்கு அளவெட்டியின் இசைமரபு சான்று. நாதசுரமும் தவிலும் தனியொருவர் வீட்டிலே வளர்வன அல்ல. நாதசுரக்காரருக்குத் தவிற்காரர் வேண்டும். இருவருக்கும் தாளம் வேண்டும். இளையோருக்கு நாள்தோறும் கேட்டுப் பழகும் காது வேண்டும். இணுவிலிலே 1933ஆம் ஆண்டு பிறந்த தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி அளவெட்டியைத் தம் வாழிடமாக்கிக் கொண்டார். தமிழ்நாட்டின் முன்னணி நாதசுர வித்துவான்களுக்குத் தவில் வாசித்துப் புகழ் எய்திய அவர் 1975இல் மறைந்தார். 1931இல் பிறந்து 2003இல் மறைந்த நாதசுர வித்துவான் என். கே. பத்மநாதன், தம் ஊரின் பெயரையே தம் பெயரின் முன்னொட்டாகக் கொண்டு அறியப்பட்டவர். தனித்தனி ஊர்களிலே தனித்தனி மாளிகைகளில் வாழ்ந்திருப்பின் இத்தகைய கலைஞர் ஒருவருக்கொருவர் உரைகல்லாய் அமைந்திருத்தல் அரிது. ஒரு வீட்டின் சாதகம் மறுவீட்டுத் திண்ணையிலே கேட்கும் நெருக்கமே அவ்வூரின் கலைக்கூடம் எனலாம்.

இவ்வளவிலே பழைமையைப் புகழ்ந்து நிறுத்துதல் நீதியன்று. அயல் என்பது சிலரை உள்ளே வைத்தது. பலரை வெளியே நிறுத்தியது. குறிச்சிகள் சாதியால் வகுக்கப்பட்டன. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் பிறரின் கிணற்றிலே அள்ள முடியாது நின்றனர். கோயில் வாயிலுக்கு வெளியே தடுக்கப்பட்டனர். அந்நியனுக்குக் காணி விற்பதைத் தடுத்த வழமை, அவர்கள் விரும்பிய இடத்திலே வீடு கட்டுவதையும் எளிதில் தடுத்தது. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் அதே வலிகாமம் வடக்கிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழவேண்டியதாயிற்று. நல்ல அயல் வேண்டும் என்னும் விருப்பம், அயலிலே யாரை விடுவதில்லை என்னும் தீர்மானமாக எவ்வளவு விரைவிலே திரியக்கூடும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் வரலாறே சாட்சி.

வீடும் அயலும் பிரியத் தொடங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலாகும். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியும் அதன்பின் எழுந்த ஆங்கிலப் பாடசாலைகளும் உத்தியோகத்துக்கு வழி திறந்தன. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையினராய்ச் சேர்ந்தனர். 1905இல் யாழ்ப்பாணமும் கொழும்பும் புகையிரதப் பாதையால் இணைந்தபின் கொழும்புக் கந்தோர்களும் அண்மித்தன. அளவெட்டியிற் பிறந்த கவிஞர் மகாகவி து. உருத்திரமூர்த்தியும் அரச சேவையினராய் ஊருக்கு வெளியே பலகாலம் கழித்தவரே. அவர் 1927 முதல் 1971 வரை வாழ்ந்தார்.

அக்கால உத்தியோகத்தரின் வாழ்விலேதான் இவ்வுரையின் வினா முதன்முதலாக முழுவடிவம் பெற்றது. கொழும்பிலே அவர்கள் சமறி எனப்பட்ட கூட்டு விடுதிகளில் வாழ்ந்தனர். ஓரூரவரும் அண்டையூரவருமான இளைஞர் சிலர் சேர்ந்து வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ வீடொன்றை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக் கொள்வர். அறை நெருக்கம்; ஆயினும் தோழமைக்குக் குறைவில்லை. அவ்வாறு மிச்சம் பிடித்த பணம் ஊரிலே கல்வீடாக உயர்ந்தது. நாற்சார் முற்றமும் தூண் வைத்த விறாந்தையும் கொண்ட அவ்வீட்டிலே உரியவர் வருடத்துக்குச் சில வாரங்களே தங்கினார். நண்பரோடு வாழ்ந்த இடத்திலே வீடில்லை. வீடு இருந்த இடத்திலே வாழ்வில்லை. இளைப்பாறி ஊருக்கு மீண்டபோது, மலாயாப் பென்சனியரும் கொழும்புப் பென்சனியரும் நண்பரைப் புதிதாகத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஊரிலும் மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஐம்பதுகளிலே நீரிறைக்கும் இயந்திரம் பரவியது. மூவர் செய்த தொழிலை இயந்திரத்தோடு ஒருவரே செய்யலாயினர். துலா மறைந்தது, அதனோடு அதிகாலையிற் கூப்பிட்டெழுப்பும் குரலும் மறைந்தது. கிடுகு வேலிக்குப் பதிலாக மதில் எழுந்தது. மதிலிலே பொட்டு வைப்பார் இல்லை. அயலவர் தேவைப்படாத வாழ்வு கைகூடிய பின்னரே, அயலவரை விரும்பித் தேர்ந்து கொள்வதா விடுவதா என்னும் வினா மனிதருக்கு எழுகின்றது.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரிய அனுபவமன்று. இலண்டன் மாநகரின் கிழக்கே பெத்னல் கிறீன் என்னும் தொழிலாளர் குடியிருப்பை ஆராய்ந்த மைக்கேல் யங், பீற்றர் வில்மொட் என்னும் இருவர், 1957இல் தம் ஆய்வை நூலாக வெளியிட்டனர். பழைய நெருக்கமான வீடுகளிலிருந்து குடும்பங்கள் பல நகருக்கு வெளியேயுள்ள புதிய குடியேற்றத்துக்குச் சென்றன. அங்கே குளியலறையும் தோட்டமும் கொண்ட நல்ல வீடுகள் கிடைத்தன. ஆனால் நாள்தோறும் தாயையும் சகோதரியையும் கண்டு பேசிய பெண்கள் அங்கே தனித்துப்போயினர். வீட்டின் குறையைப் போக்க முயன்ற அரசாங்கம், அயலின் நிறையைக் கணக்கிலே சேர்க்க மறந்துவிட்டதென்பது அந்நூலின் சாரம்.

இலங்கைத் தமிழருக்கோ இப்பாடம் கொடிய முறையிலே புகட்டப்பட்டது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே, தெற்கிலே தேடிய வீடுகளை இழந்து வெறுங்கையோடு வடக்கே மீண்டவர் பலர். அவர்களை ஏற்றுக்கொண்டது உறவினரின் திண்ணையும் அயலவரின் அடுப்பும். பின்னர் 1990இல் போர் மீண்டும் மூண்டபோது, பலாலிப் படைத்தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சூழ்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் வீடு வளவுகளை விட்டகன்றனர். அந்நிலப்பரப்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. மாடிவீட்டாரும் கொட்டில்வீட்டாரும் ஒரே பாதையிலே, ஒரே மழையிலே சென்றனர். 1996 ஏப்பிரலின் பின்னர் பெரும்பகுதியினர் மீண்டனர். வலயத்துக்குட்பட்ட ஊரவர்க்கு அதுவும் வாய்க்கவில்லை.

அவர்களுட் பலர் மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி நிலையங்களிலும், வடமராட்சிக் கரையிலும், பிறர் காணிகளிலும் கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தனர். 2013 ஏப்பிரலில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிக்கும் அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணியுரிமையாளர் நீதிமன்றை நாடினர். மாற்றுக்காணி என்னும் பேச்சு அவர்களுக்கு ஆறுதலாய் அமையவில்லை. அவர்கள் கேட்டது நான்கு சுவரை மட்டுமன்று; கோயிலும் கிணறும் மயானமும் பள்ளிக்கூடமும் அயலும் சேர்ந்த ஊரை. 2015இன் பின்னர் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் திறந்துவிடப்பட்டது. மீண்டவர்கள் கண்டது இடிந்த சுவரும் பற்றைக்காடும். தம் காணி எதுவெனத் தெளிவதே பலர்க்கு அரிதாயிருந்தது. உறுதியிலே எழுதப்பட்ட வடக்கெல்லையும் கிழக்கெல்லையும் அயற்காணிக்காரரின் பெயராலேயே குறிக்கப்பட்டிருந்தன. அவ்வயலவரோ உலகெங்கும் சிதறியிருந்தனர். வீட்டைக் கட்ட உதவிப்பணம் கிடைக்கும். கல்லும் சீமெந்தும் வாங்கலாம். வேலிக்கு மறுபுறத்திலே நின்று பேசுபவரை எந்தத் திட்டமும் கட்டித்தர இயலாது.

புலம்பெயர்ந்தோரின் கதையும் இவ்வாறே அமைந்தது. எண்பதுகளிலே ரொறன்ரோவின் உயர்மாடிக் குடியிருப்புகளில் ஈழத்தமிழர் நெருங்கி வாழ்ந்தனர். சமறியின் வாழ்வே வேற்றுருவில் அங்கு மீண்டது: ஒரே தளத்திலே உறவினர், கீழே ஊரவர், இரவுவேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அடுத்த கதவு. பொருள் சேர்ந்தபின் மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்ரன் முதலிய புறநகர்களிலே பெரிய வீடுகளை வாங்கினர். வாகனத்திலேறாமல் நண்பரைக் காணமுடியாத தூரம் வந்தது. ஊர்ச்சங்கங்களின் ஒன்றுகூடலும் கோயில் திருவிழாவும் அத்தூரத்தைச் சிலநாட்களுக்கு அழிக்கின்றன. அவை முடிந்ததும் தூரம் மீளுகின்றது. முதுமை எய்தியோர்க்கே அது முழுப்பாரமாய்த் தெரியும். படிக்கட்டு மிகுந்த பெரிய வீட்டிலே, பனிக்காலத்திலே, பகல் முழுதும் பேச்சுத்துணையின்றி இருப்பவருக்கு அவ்வீடு யாருடைய கனவு என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

நட்புக்கு அண்மை வேண்டியதில்லை எனச் சிலர் வாதிப்பர். உறையூரிலிருந்த கோப்பெருஞ்சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பராயினர்; சோழன் வடக்கிருந்தபோது ஆந்தையார் தேடிவந்து சேர்ந்தார். அது நட்பின் உச்சம், மறுப்பதற்கில்லை. தொலைபேசியும் காணொளியும் இன்று அத்தகைய நட்புக்குத் துணைசெய்கின்றன. ஆயினும் அப்புலவர் இறுதியிலே செய்தியனுப்பி அமையவில்லை. நடந்து வந்து அருகே அமர்ந்தார் என்பதை மறத்தலாகாது. உணர்ச்சி தொலைவிலும் நிலைக்கும். உதவி அருகிலிருந்தே வரும்.

எனவே, கனவு வீடா, நண்பரின் அயலா என்று நிற்போர்க்கு அளவெட்டி போன்ற ஊர்களின் வரலாறு கூறுவது தெளிவு. முன்னோர் காணி வாங்கும்போது கிணற்றுப் பங்கையும் வழி வாய்க்காலையும் உறுதியிலே சேர்த்தெழுதினர். இன்று வீட்டின் விலையைக் கணிப்போரும் அயலை அவ்வாறே கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இரண்டறை கூடுதலாயுள்ள வீட்டுக்காக, நோயுற்றபோது கதவைத் தட்டும் இருவரை இழப்பது மலிவான வியாபாரமன்று. அதேவேளை, பழைய அயலின் குற்றத்தைத் திரும்பவும் செய்தலாகாது. பிறப்பால் அமைந்த அயல் ஒருகாலத்து நியதி. பண்பாலும் பழக்கத்தாலும் அமைத்துக்கொள்ளும் அயல் இக்காலத்தவர்க்கு வாய்த்த உரிமை. அந்நியனென்று முற்காலம் தடுத்தவனையும் அயலவனாக ஏற்று, மதிலிலே ஒரு பொட்டு வைக்கத் துணிபவரே அவ்வுரிமையை முழுமையாகப் பயன்படுத்தியவர் ஆவர்.